பழைய பாய்ப்படகின் அடிக்கு எந்த பெயின்ற்? முதலில் கீழே இருப்பதைக் கேளுங்கோ

இது எங்கள் பொட்காஸ்ட் உரையாடலின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, பேச்சை வாசிக்க வசதியாகக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். விருந்தினர் ரொறன்ரோவில் இருக்கிறார். ஒன்ராறியோ ஏரியில் 18 வருடமாகப் பழைய பைபர் கிளாஸ் பாய்ப்படகு வைத்திருப்பவர்.

தொகுப்பாளர்: வணக்கம் அண்ணை. இந்த எபிசோட் என்னுடைய சொந்தத் தேவையில இருந்து வருது, அதை முதலே சொல்லிவிடுகிறேன். போன ஒக்டோபரில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து 27 அடிப் பாய்ப்படகு ஒன்று வாங்கினோம். 1977இல் கட்டினது. வைத்திருந்தவர் காலமாகிவிட்டார், மகள்தான் எங்களுக்கு விற்றவா. பாய், எஞ்சின், நங்கூரம் எல்லாவற்றுக்கும் கடதாசி வைத்திருந்தா. அடியில என்ன பெயின்ற் என்று கேட்டால், "அப்பா ஒவ்வொரு வசந்தத்திலயும் ஏதோ நீலம் அடிப்பார்" என்றா. அவ்வளவுதான் தெரியும். மே முதல் கிழமை கிரேன் வருது, படகு தண்ணிக்குள்ள இறங்க வேணும். என்ன பெயின்ற் வாங்குறது?

விருந்தினர்: வணக்கம் தம்பி. எல்லாரும் இந்த இடத்தில இருந்துதான் தொடங்குறவை. கடைக்குப் போய், எது நல்ல பெயின்ற் என்று கேட்பினம். அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஏற்கெனவே என்ன இருக்கு என்பது. நீங்கள் புதுசாய் அடிக்கப்போகிற பெயின்ற் படகில ஒட்டப்போறதில்லை, பழைய பெயின்றில்தான் ஒட்டப்போகுது. அந்தப் பழையது தனக்குக் கீழே இருக்கிறதைப் பிடிச்சுக்கொண்டு நிற்குது. அடியில இருக்கிற ஒரு படை கைவிட்டால், மேலே எவ்வளவு விலை கூடின பெயின்ற் இருந்தாலும் சேர்ந்துதான் விழும்.

தொகுப்பாளர்: இதுக்கு முதல் ஒரு அடிப்படைக் கேள்வி. ஊரில மீன்பிடிக்கிற பைபர் போட்டுகளுக்கு இப்படி அடிக்கு விசேஷமாய் பெயின்ற் அடிச்சு நான் பார்த்ததில்லையே?

விருந்தினர்: அங்கே போட் கடலுக்குப் போய் வந்ததும் கரைக்கு இழுத்து விடுவினம். அடி வெயிலில் காயும். ஒட்டுகிற உயிர்களுக்கு வளர நேரம் கிடைக்காது. இங்கே எங்கடை படகு மே மாதம் இறங்கினால் ஒக்டோபர் வரை தண்ணிக்குள்ளேயே கிடக்கும். முதலில் வழுவழுப்பாய் ஒரு படலம் வரும், அதில பாசி பிடிக்கும். கடலென்றால் கொட்டலசு. எங்கடை ஏரிகளில 1980களின் கடைசியில வந்து சேர்ந்த சீப்ரா மட்டி. இதெல்லாம் ஒட்டினால் படகு நகராது. பாய்ப்படகுக்குக் காற்றுத்தான் எஞ்சின், அடி சொரசொரப்பாய் இருந்தால் மெல்லிய காற்றில படகு நின்ற இடத்திலேயே நிற்கும்.

அதுக்காகத்தான் இந்த பெயின்ற், அன்ரிபௌலிங் என்பது. இது அழகுக்கு அடிக்கிற பெயின்ற் இல்லை, இது மருந்து. பெரும்பாலும் செப்பு, குப்ரஸ் ஒக்சைட் என்ற வடிவத்தில. அது கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணிக்குள் கசிந்து உயிர்களை ஒட்டவிடாமல் வைத்திருக்கும். கனடாவில சட்டப்படி இது பூச்சிகொல்லி மருந்துகளோட சேர்த்துத்தான் பதியப்படுது. டின்னில அந்தப் பதிவு இலக்கம் இருக்க வேணும். எங்கேயோ இருந்து மலிவாய் வந்தது என்று இலக்கம் இல்லாத டின்னை வாங்காதேங்கோ.

நான் விட்ட பிழை

தொகுப்பாளர்: நீங்கள் இதைப் படிச்ச விதம் கொஞ்சம் செலவானது என்று முதலே சொன்னீங்கள்.

விருந்தினர்: ஓம். படகு வாங்கின முதல் வருடம். அடி பார்க்க நல்லாய்த்தான் இருந்தது, கொஞ்சம் மங்கின கறுப்பு. கடையில நின்றவர், இருக்கிறதிலேயே கெட்டியானது இதுதான் என்று ஒன்றை எடுத்துத் தந்தார். கீழே என்ன இருக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரிஞ்சால்தானே சொல்ல. தண்ணி அடிச்சுக் கழுவி, லேசாய்ச் சாண்ட் பேப்பர் போட்டு, இரண்டு கோட் அடிச்சேன். இறக்கேக்க கண்ணாடி மாதிரி இருந்தது.

ஓகஸ்ட் மாதம் நீந்தப் போய் அடியைத் தடவிப் பார்த்தேன். கையோட ஒரு துண்டு வந்தது, உள்ளங்கை அகலம். ஒக்டோபரில் படகைத் தூக்கேக்க கிரேனின் பெல்ட் பட்ட இடமெல்லாம் தோல் உரிஞ்ச மாதிரித் தொங்கினது. கீழே இருந்தது கரையும் வகை. அதுக்கு மேலே நான் கெட்டி வகையை அடிச்சிருக்கிறேன். புது பெயின்றில பிழை இல்லை, அது நிற்கிறதுக்கு நிலம் இல்லை. அடுத்த வசந்தம் முழுக்க, கிட்டத்தட்ட ஆறு கிழமை, சுரண்டிக்கொண்டு கிடந்தேன். அந்த வருடம் யூலை மாதம்தான் படகு இறங்கினது. இங்கே எங்களுக்குக் கிடைக்கிறது ஐந்தரை மாதம், அதில இரண்டு மாதம் போச்சு.

எத்தனை வகை, எது எதுக்கு மேல்

தொகுப்பாளர்: கெட்டி வகை, கரையும் வகை என்றீங்கள். அதை விளங்கப்படுத்துங்கோ.

விருந்தினர்: கடையில 20 டின் இருக்கும், ஆனால் குடும்பம் என்று பார்த்தால் ஐந்துக்குள்ள அடக்கலாம்.

முதலாவது கெட்டி வகை, ஹார்ட் என்று டின்னில இருக்கும். பெயின்ற் தேயாது. உள்ளே இருக்கிற செப்பு மட்டும் கசிந்து வெளியே போகும். சீசன் முடிய மருந்து தீர்ந்த ஒரு கூடு மிஞ்சும். அடுத்த வருடம் அதுக்கு மேலே இன்னொரு கூடு. இப்படி 20, 30 வருடம் அடிச்ச படகுகளில அந்தத் தடிப்பே பாரம் தாங்காமல் வெடிச்சு உதிரும். இன்னொன்று, கெட்டி வகைகளில பெரும்பாலானவை நீண்ட நாள் கரையில காய்ந்தால் வேலை செய்யிற சக்தியை இழந்துவிடும். குளிர்காலம் ஆறு மாதம் கரையில நிற்கிற எங்கடை படகுகளுக்கு அது ஒரு குறை.

இரண்டாவது கரையும் வகை, அப்லேற்றிவ் என்பினம். சவர்க்காரக் கட்டி மாதிரி. தண்ணி ஓட ஓட மேற்படை தேய்ந்து புதுப் படை வெளியே வரும். இதில நல்ல ரகங்கள் ஒரே அளவாய்த் தேயும், குளிர்காலத்துக்குத் தூக்கி வைத்துத் திரும்ப இறக்கினாலும் வேலை செய்யும். பழசு மிஞ்சிக் குவியாது.

மூன்றாவது, மெல்லிய படல வகை. ரெஃப்லான் மாதிரிப் பொருள் சேர்ந்தது. எங்கடை ஏரிகளில இதைக் கனக்கப் பேர் பாவிச்சவை. விசி17எம் என்ற பெயர் பழைய படகுக்காரர் எல்லாருக்கும் தெரியும். ஒரு சின்னப் பொதியில செப்புத் தூள் வரும், அதை அடிக்கிற நேரத்தில கலக்க வேணும். கடதாசியை விட மெல்லிசாய் இருக்கும். அது தன்னைத் தவிர வேறு எதையும் தனக்கு மேலே ஒட்டவிடாது, வேறு அன்ரிபௌலிங்குக்கு மேலே தானும் நிற்காது.

நான்காவது வைனில். பந்தயப் படகுகளுக்கு அடிச்சது. அதில இருக்கிற தின்னர் மிகக் கடுமை. வேறு பெயின்றுக்கு மேலே அடிச்சால் கீழே இருக்கிறதை இளக்கிச் சுருக்கிவிடும். அதனால வைனிலுக்கு மேலே மட்டும்தான் வைனில்.

ஐந்தாவது சிலிக்கோன் வகை. மருந்து இல்லை, வழுக்கல்தான் பாதுகாப்பு. அதுக்கு மேலே எதுவும் ஒட்டாது. முழுசாய் எடுக்காமல் வேறு ஒன்றுக்கு மாற ஏலாது. பழைய படகுகளில இது அபூர்வம், ஆனால் இல்லை என்று நினைக்கக்கூடாது.

தொகுப்பாளர்: அப்ப மனதில வைத்திருக்க வேண்டிய விதி என்ன?

விருந்தினர்: மூன்று விதி. ஒன்று, மெதுவானதுக்கு மேலே கெட்டியானதை அடிக்காதேங்கோ. நான் செய்தது அதுதான். இரண்டு, கெட்டியானதுக்கு மேலே மெதுவானதை அடிக்கலாம், ஆனால் அந்தக் கெட்டிப் படை உறுதியாய் இருக்க வேணும், 80 நம்பர் சாண்ட் பேப்பரால சொரசொரப்பாக்க வேணும். மூன்று, ரெஃப்லான், சிலிக்கோன், வைனில் மூன்றும் தங்கடை இனத்தோடதான் சேரும். இனம் மாற வேணுமென்றால் முழுசாய் எடுக்க வேணும். ரெஃப்லான் வகையை எடுக்கிறது அவ்வளவு கஷ்டமில்லை, அதுக்குரிய தின்னரில நனைச்ச துணியால துடைச்சால் கரைந்து வரும்.

தொகுப்பாளர்: என்ன என்று கண்டுபிடிக்க ஏலாவிட்டால்?

விருந்தினர்: நடுவில தடுப்பாய் ஒரு படை அடிக்கலாம். பழைய, இனம் தெரியாத அன்ரிபௌலிங்கை மூடுறதுக்கென்றே ஒரு-பாக பிறைமர் இருக்கு. ப்ரைமோகொன் மாதிரி. புது பெயின்றின் தின்னர் பழசைத் தாக்காமல் அது தடுக்கும். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கோ. அது தடுப்பு, பசை இல்லை. உதிர்ந்துகொண்டிருக்கிற பெயின்றை அது பிடிச்சு வைத்திருக்காது. கீழே உறுதியாய் இருந்தால்தான் அதுவும் நிற்கும்.

சனிக்கிழமை யார்டில் செய்த சோதனைகள்

தொகுப்பாளர்: போன சனிக்கிழமை அண்ணை என்னோட யார்டுக்கு வந்தவர். கையில ஒரு வாளித் தண்ணி, ஒரு பழைய துணி, பெட்டி வெட்டுற கத்தி, ஒரு ரோல் டேப், சாண்ட் பேப்பர். அவ்வளவுதான். என்ன செய்தோம் என்று நீங்களே சொல்லுங்கோ.

விருந்தினர்: முதல் கண்ணால பார்த்தோம். செப்பு நிறத்தில, மிக மெல்லிசாய், ஜெல்கோட்டின் வரிகூடத் தெரிகிற மாதிரி இருந்தால் ரெஃப்லான் வகை என்று சந்தேகப்பட வேணும். தண்ணி தெளிச்சால் வாழையிலையில மாதிரி உருண்டு ஓடினால் சிலிக்கோன் என்று சந்தேகம். உங்கடை படகில இரண்டும் இல்லை. தடிப்பான நீலம்.

இரண்டாவது, ஈரத்துணியால அழுத்தித் தேய்ச்சோம். துணி உடனே நீலமாய் மாறினது. ஈரச் சாண்ட் பேப்பரால தேய்ச்சால் வாளித் தண்ணியே நீலம். அதனால மேற்படை கரையும் வகை. கெட்டி வகை என்றால் இவ்வளவு சுகமாய் நிறம் விட்டிருக்காது.

மூன்றாவது, எத்தனை படை என்று பார்த்தோம். ஒரு ரூபாய்க் குற்றி அளவு இடத்தில, ஈரச் சாண்ட் பேப்பரால நடுவில ஆழமாயும் ஓரத்தில மெல்லிசாயும் தேய்ச்சால், மரத்தை வெட்டினால் வளையம் தெரியிற மாதிரி நிறங்கள் தெரியும்.

தொகுப்பாளர்: அதைப் பார்க்கேக்க எனக்கு ஒரு மாதிரியாய் இருந்தது. நீலம், கறுப்பு, திரும்ப நீலம், பச்சை, கடைசியில ஒரு கடும் சிவப்பு, அதுக்குக் கீழே வெள்ளை ஜெல்கோட். அந்த மனிசனுடைய ஒவ்வொரு வசந்தமும் அதில இருக்கு.

விருந்தினர்: ஓம், அவர் ஒழுங்கான மனிசன். படைகளுக்கு இடையில ஊத்தை இல்லை.

நான்காவது சோதனைதான் முக்கியமானது. கத்தியால ஜெல்கோட் வரைக்கும் போகிற மாதிரி பெருக்கல் அடையாளம் ஒன்று வெட்ட வேணும். அந்த இடம் நல்லாய்க் காய்ந்திருக்க வேணும். அதுக்கு மேலே டேப்பை அழுத்தி ஒட்டி, சடக்கென்று இழுக்க வேணும். டேப்போட என்ன வருது, எந்தப் படையில இருந்து பிரியுது என்று பார்க்க வேணும். தொழிற்சாலைகளில பெயின்றின் பிடிமானத்தைப் பார்க்கிறதும் இதே முறையிலதான். ஒரு இடத்தில செய்து முடிவெடுக்காதேங்கோ. முன்பக்கம், நடு, பின்பக்கம், கீல், சுக்கான், தண்ணி வரம்பு என்று சுத்திச் சுத்திச் செய்ய வேணும்.

தொகுப்பாளர்: நாங்கள் எட்டு இடத்தில செய்தோம். ஆறில டேப் சுத்தமாய் வந்தது. கீலின் முன்விளிம்பில இரண்டு இடத்தில மட்டும் எல்லாப் படையும் சேர்ந்து துண்டாய் வந்துவிட்டது.

விருந்தினர்: அந்த இரண்டு இடம் சொல்லுறது என்னவென்றால், பிரச்சினை மேலே இல்லை, அந்தச் சிவப்புக்குக் கீழே.

அந்தச் சிவப்புப் படை

தொகுப்பாளர்: சிவப்பைக் கண்டதும் நீங்கள் சாண்ட் பேப்பரைக் கீழே வைத்துவிட்டீங்கள்.

விருந்தினர்: 1977ஆம் ஆண்டுப் படகு. அந்தக் காலத்து அடிப்படைகளில வெள்ளீயம் சேர்ந்த மருந்து இருந்திருக்கலாம், ட்ரைபியூட்டைல்டின் என்பது. டிபிடி என்று சுருக்கமாய்ச் சொல்லுவினம். செப்பை விடப் பல மடங்கு வலுவான மருந்து. பிரான்சில ஆர்காஷோன் குடாவில சிப்பி வளர்க்கிறவை 1970களின் கடைசியில பெரிய அடி வாங்கினவை. சிப்பிக் குஞ்சுகள் தப்பவில்லை, வளர்ந்த சிப்பிகளின் ஓடு தாறுமாறாய்த் தடிச்சது. காரணம் பக்கத்தில நின்ற உல்லாசப் படகுகளின் இந்த பெயின்ற். பிரான்ஸ் 1982இல் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளில அதைத் தடைசெய்தது. பிரித்தானியா 1987, அமெரிக்கா 1988 என்று மற்ற நாடுகளும் வந்தன. உலகம் முழுக்க எல்லாக் கப்பல்களுக்குமான தடை 2001இல் உடன்படிக்கையாகி, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சிவப்பு அதுதான் என்று பார்வையால சொல்ல ஏலாது. ஆனால் அந்த வயசுப் படகில அடிப்படை எல்லாம் அதுதான் என்று நினைச்சு நடக்கிறது புத்தி.

தொகுப்பாளர்: நடக்கிறது என்றால்?

விருந்தினர்: காய்ந்தபடி மெசினால தேய்க்கிறதை மறந்துவிடுங்கோ. நான் முதல் வருடம் முகத்தில சும்மா ஒரு துணியைக் கட்டிக்கொண்டு தேய்ச்சனான். இரவு துப்பினால் கறுப்பு. இரண்டு நாள் நெஞ்சு எரிஞ்சது. செப்புத் தூசே கூடாது. வெள்ளீயமோ ஈயமோ இருந்தால் இன்னும் கூடாது. ஈரமாய்த் தேயுங்கோ, அல்லது வக்கூம் பூட்டின மெசினால தேயுங்கோ. பி100 வடிகட்டி உள்ள மாஸ்க். தின்னர் பாவிக்கேக்க ஆவியைப் பிடிக்கிற காட்ரிஜ் வேறு, தூசி வடிகட்டி மட்டும் போதாது. கண்ணாடி, கையுறை, உடம்பை மூடுகிற உடுப்பு. அந்த உடுப்போட வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதேங்கோ.

நிலத்தில படங்கு விரியுங்கோ. விழுகிற எல்லாத்தையும் கூட்டிக் கட்டி, நகரத்தின் ஆபத்தான கழிவு எடுக்கிற இடத்தில கொடுங்கோ. மழை பெய்தால் யார்டில விழுந்த தூசி ஏரிக்குத்தான் போகும். ரொறன்ரோவில நாங்கள் குடிக்கிற தண்ணி அந்த ஏரியில இருந்துதான் வருது.

அலுமினியம் இருக்கிற இடங்கள்

தொகுப்பாளர்: செப்பு எல்லாப் படகுக்கும் சரியோ?

விருந்தினர்: பைபர் கிளாசுக்குச் சரி. அலுமினியத்துக்குப் பிழை. இரண்டு உலோகம் தண்ணிக்குள்ள ஒன்றையொன்று தொட்டால் ஒன்று மற்றதைத் தின்னும். இது பழைய பாடம். 1761இல் பிரித்தானியக் கடற்படை அலாம் என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடிச்சது. புழு அரிக்கவில்லை, பாசி ஒட்டவில்லை, எல்லாருக்கும் சந்தோஷம். திரும்பி வந்து பார்த்தால், செப்பைத் தொட்ட இரும்பு ஆணியெல்லாம் அரிச்சுப்போய்க் கிடந்தது.

உங்கடை படகு பைபர் கிளாஸ். ஆனால் எஞ்சினின் கால் அடியால இறங்குகிற செயில்ட்றைவ் இருந்தால், அந்தக் கால் அலுமினியம். அதுக்குக் குப்ரஸ் ஒக்சைட் கூடாது. அலுமினியத்துக்கென்று எழுதியிருக்கிற பெயின்றும் அதுக்குரிய பிறைமரும்தான். கரைந்து மற்ற உலோகத்தைக் காப்பாத்துகிற அனோட் துண்டுக்கு எந்த பெயின்றும் அடிக்கக்கூடாது, மூடினால் அது வேலை செய்யாது. ஆழம் பார்க்கிற கருவியின் பிளாஸ்டிக் முகத்துக்குத் தண்ணியில கலந்த பெயின்ற் மட்டும். கடும் தின்னர் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

முழுசாய் எடுக்க வேணுமோ

தொகுப்பாளர்: இப்ப என் கேள்விக்கு வாங்கோ. கீலில இரண்டு இடம் பிரியுது, மற்ற இடம் பிடிச்சு நிற்குது. கிரேனுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கு.

விருந்தினர்: மூன்று கிழமையில முழுசாய் எடுக்கிற வேலையைத் தொடங்காதேங்கோ. அரைவாசியில நின்றால் இன்னும் கேடு. உடல் முழுக்க உரிஞ்சுகொண்டிருந்தால் வேறு வழியில்லை என்று சொல்லியிருப்பேன். இங்கே அப்படி இல்லை.

இந்த வசந்தத்துக்கு இது செய்யுங்கோ. கீலின் முன்விளிம்பில விடுகிறதெல்லாத்தையும் சுரண்டி எடுங்கோ. பிடிச்சு நிற்கிற இடம் வரும்வரை சுரண்ட வேணும், விளிம்பைச் சாய்வாய்த் தேய்க்க வேணும். உங்கடை கீல் ஈயம். வெளியே தெரிகிற உலோகத்தை மினுங்கத் தேய்ச்சு, அன்றைக்கே எப்பொக்சி பிறைமர் அடிக்க வேணும். அடுத்த நாள் வரை விட்டால் திரும்ப ஒரு படலம் கட்டிவிடும். மற்ற இடமெல்லாம் ஈரமாய்த் தேய்ச்சு, பொருக்கை எடுத்து, கழுவிக் காயவிடுங்கோ. மேலே கரையும் வகை இருக்கு. அதனால நீங்களும் கரையும் வகையே அடியுங்கோ, செப்பு அடிப்படையில, தூக்கி இறக்கினாலும் வேலை செய்யிற ரகம்.

வாங்குகிறதுக்கு முதல் அந்தக் கம்பனியின் தரவுத்தாளில, எதுக்கு மேலே அடிக்கலாம் என்ற பட்டியலைப் பாருங்கோ. பிறகு ஒரு சின்ன டின் வாங்கி, ஒரு சதுர அடியில அடிச்சு, காய்ந்த பிறகு அதே டேப் சோதனையைச் செய்யுங்கோ. சுருங்கவில்லை, பிரியவில்லை என்றால் மிச்சத்தை வாங்கலாம். நான் அந்த ஒரு சதுர அடியைச் செய்திருந்தால் ஆறு கிழமை மிஞ்சியிருக்கும்.

தொகுப்பாளர்: அதோட முடிஞ்சுதோ?

விருந்தினர்: இல்லை. இது ஒரு தவணை வாங்குகிற மாதிரி. கீலில விட்ட அந்தப் பிடி, இன்னும் சில வருடத்தில உடலிலயும் விடும். அதனால ஒக்டோபரில் படகைத் தூக்கினதும் அதே எட்டு இடத்துக்குப் பக்கத்தில திரும்பச் சோதியுங்கோ. கூடியிருந்தால், அந்த இலையுதிர் காலத்திலயே முழுசாய் எடுக்கத் திட்டம் போடுங்கோ. பைபர் கிளாசுக்கென்று இருக்கிற ஸ்ட்ரிப்பர், நல்ல சுரண்டி, பொறுமை. வீட்டுக் கதவுக்குப் பாவிக்கிற கடும் ஸ்ட்ரிப்பர் ஜெல்கோட்டையே தின்னும். காசு இருந்தால் சோடாத் தூள் ஊதி எடுக்கிறவை இருக்கினம். ஆனால் பிறகு அந்தத் தூளைக் கழுவிக் கழுவி எடுக்க வேணும், மிச்சம் இருந்தால் அடுத்த பெயின்ற் ஒட்டாது.

எல்லாம் எடுத்து ஜெல்கோட் தெரிஞ்சால், அதுதான் எப்பொக்சி தடுப்புப் படை போடுகிற சந்தர்ப்பம். பழைய பைபர் கிளாஸ் தண்ணியை உறிஞ்சும், அதால கொப்புளம் வரும். ஆனால் உடல் காய்ந்திருக்க வேணும், ஈரத்தை மூடி அடைச்சால் பிரயோசனமில்லை. குளிரில எப்பொக்சி ஒழுங்காய் இறுகாது, அதனால அது மே மாத வேலை. கடைசி எப்பொக்சிப் படை பெருவிரலை வைத்தால் அடையாளம் விழுகிற, ஆனால் விரலில ஒட்டாத பதத்தில இருக்கேக்க முதல் அன்ரிபௌலிங்கை அடிச்சுவிட வேணும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் திரும்பத் தேய்க்க வேணும்.

அடிக்கிற நாள்

தொகுப்பாளர்: அடிக்கேக்க கவனிக்க வேண்டியது?

விருந்தினர்: செப்பு பாரம், டின்னின் அடியில போய்க் கிடக்கும். அடி சுரண்டப்படும்வரை கலக்குங்கோ. காலையில அடிக்காதேங்கோ. ஏப்ரலில காற்று சூடாகினாலும் ஈயக் கீல் இரவுக் குளிரோடயே நிற்கும், அதில பனி வியர்க்கும். அந்த ஈரத்துக்கு மேலே அடிச்சால் திரும்ப அதே இடம்தான் உரியும்.

முதல் கோட் ஒரு நிறம், இரண்டாவது வேறு நிறம். உங்கடை நீலத்துக்குக் கீழே ஒரு கறுப்பு அடியுங்கோ. நீலம் தேய்ந்து கறுப்பு தெரிஞ்சால் அடுத்த வருடம் எங்கே அடிக்க வேணுமென்று படகே சொல்லும். கீலின் முன்விளிம்பு, சுக்கான், தண்ணி வரம்பு இந்த இடங்கள் கூடத் தேயும், அங்கே ஒரு கோட் கூட. அதுக்கு மேலே தேவையில்லாமல் அடிக்காதேங்கோ. மிஞ்சுகிறது எல்லாம் ஏரிக்குள்ள போகிற செப்பு.

கடைசியாய் ஒன்று. ஒரு கடதாசி எடுங்கோ. என்ன பெயின்ற், என்ன நிறம், எத்தனை கோட், எந்தத் திகதி, எங்கே பிறைமர் அடிச்சது, சோதனையில எந்த இடம் விட்டது. எழுதி அந்தக் கோப்புக்குள்ள வையுங்கோ.

தொகுப்பாளர்: அவருடைய கோப்பில இல்லாத ஒரே கடதாசி.

விருந்தினர்: ஓம். நீங்களும் ஒருநாள் இந்தப் படகை ஆருக்காவது விற்பீங்கள். அல்லது உங்கடை பிள்ளை விற்கும். அப்ப ஏதோ நீலம் என்று சொல்லாமல் இருக்கட்டும்.

தொகுப்பாளர்: நன்றி அண்ணை. மே மாதம் படகு இறங்கிற அன்றைக்கு வாங்கோ.

விருந்தினர்: இறங்கேக்க இல்லை தம்பி, ஒக்டோபரில் தூக்கேக்க வாறேன். அப்பதான் நாங்கள் சரியோ பிழையோ என்று தெரியும்.